வராத பயணி

காளவாசல் நிழற்குடையில்
நிழல் விழாத ஓரம்.
ஒத்தக்கடை ஹைகோர்ட்டில்
பத்தரைக்கு என் மனு.

முதல் வண்டிக்காரர் போனில் கேட்டார்:
மடக்குற வீல்சேரா?
மடங்கும் என்றேன்.
டிக்கியில கேஸ் சிலிண்டர் கிடக்குக்கா,
அது மடங்காதே.

அடுத்தது வந்தேவிட்டது.
கண்ணாடியை இறக்காமல் ஒரு பார்வை,
சிம்மக்கல் பக்கம் திரும்பிப் போனது.
"பயணி வரவில்லை" என்றது செயலி.
ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டது.

மடியில் மனு.
ஏழாம் பக்கத்தில் கேட்டிருக்கிறேன்:
நூறு வண்டிக்கு ஐந்திலாவது
சக்கரம் ஏற ஒரு சாய்தளம்,
மறுத்தால் அபராதம், சட்டமாகவே.

வக்கீல் நாச்சம்மை கூப்பிடுகிறார்:
நம்ம நம்பர் வந்திருச்சு,
எங்க இருக்கீங்க?

ஏழாம் பக்கத்துலதான் மேடம்.
அந்த ஐம்பது ரூபாய் ரசீதை
வாட்ஸப்பில் அனுப்புறேன்,
அதையும் சேர்த்துக் கட்டுங்க.