ஈ இருந்த இடம்

ராத்திரி அதுவாகவே அப்டேட் ஆகி
காலையில் புது முகம் காட்டியது கம்ப்யூட்டர்.
தலைக்குக் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி
எல்லாம் பளிச்சென்று இருக்க
ஈ டிரைவ் மட்டும் இல்லை.

நான்கு டெராபைட். கறுப்பு டப்பா.
காளவாசலிலிருந்து செக்கானூரணி வரை
யார் வீட்டுக் காதுகுத்து, யார் வீட்டுச் சடங்கு,
யார் போய்ச் சேர்ந்தார், யார் கட்சி மாறினார்,
அத்தனை முகமும் அதற்குள்.
ஒன்பது வருட ஃபிளெக்ஸ்.

முதலாளி கோவர்த்தனன் சிவகாசி போயிருந்தார்.
போனில் ஒரே யோசனை: 'பிடுங்கிச் சொருகு.'
பிடுங்கிச் சொருகினேன்.
ஒயரை மாற்றினேன்.
முன்பக்கத்து ஓட்டையில் கரண்ட் பத்தாதோ என்று
சிபியூவுக்குப் பின்னால் முட்டி போட்டு
ஒட்டடைக்குள் கைவிட்டு மாட்டினேன்.
விளக்கு எரிகிறது.
காதை வைத்தால் உள்ளே
நாலு வீடு தள்ளி ஓடும் கிரைண்டர் சத்தம்.
உசிர் இருக்கு. ஆள்தான் தெரியலை.

பெஞ்சில் ஒருத்தர், ஏழரை மணியிலிருந்து.
விக்கிரமங்கலம். பேர் ஒச்சப்பன்.
நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம்.
'போன மாசியில பேத்தி காதுகுத்துக்கு
நீதான் பாப்பா போர்டு அடிச்சுக் குடுத்த.
அந்தப் போட்டோதான் வேணும்.
வேற எதுலயும் அவ பல்லைக் காட்டி நிக்கல.'

வேறு படமே இல்லையா என்றேன்.
ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார்.
அதில் இருந்த பேச்சியம்மாவை
அவரே ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு
திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் எதுவுமில்லை.
எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்றது.
டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தேன்.
அங்கே கிடந்தது
நீலப் பட்டையாக, முழு நீளத்துக்கு, எழுத்தில்லாமல்.
அதற்கு மேலே,
அப்டேட்டோடு வந்து இறங்கிய ஐநூறு எம்பி பொடியன்
ஈ என்று பேர் போட்டுக்கொண்டிருக்கிறான்.
ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி வண்டி நிற்கும் முன்பே
ஜன்னல் வழியாகத் துண்டை வீசி
சீட்டுப் பிடித்தவன் போல
எங்கேயோ பார்த்துக்கொண்டு.

தலையெழுத்து என்பார்கள்.
இங்கே அது நிஜமாகவே ஒரு எழுத்து.

ரைட் கிளிக்.
'எழுத்தை மாற்று' என்று ஒரு வரி.
ஒட்டிக் கீழேயே 'ஃபார்மட்'.
நடுவில் நூல் கனம்.
சர்க்கரை டப்பாவையும் எலி மருந்தையும்
ஒரே தட்டில் அடுக்கிய புண்ணியவான் யாரோ.
ஃபேனை நிறுத்தச் சொன்னேன்.
'எதுக்கு பாப்பா?'
'சும்மா இருங்க.'

இஸட் கொடுத்தேன்.
கடைசி சீட்டு. தூக்கித் தூக்கிப் போடும்,
ஆனால் துண்டு போட யாரும் வரமாட்டார்கள்.

டொய்ங்.

மாசி. ஒச்சப்பன். ஃபைனல் மூன்று.
நடுவில் பேத்தி, மொட்டைத் தலையில் சந்தனம், ஒரே அழுகை.
ஓரத்தில் பேச்சியம்மா. அந்தப் பல்.
தோளில் ஒரு கை,
மோதிர விரல் பாதியோடு நின்றுபோன கை.
திரும்பிப் பார்த்தேன்.
பெஞ்சில் அது
சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

'கையை அழிச்சிரவா?'

'இப்ப அடி எவ்வளவு?' என்றார்.
பன்னிரண்டு ரூபாய்.
ஆறுக்கு நாலு போதும்,
கை இருந்தால் ஏழு வேண்டும் என்றேன்.
'ஏழே போடு.'

அவர் போனபிறகு முதலாளி கூப்பிட்டார்.
'பிடுங்கிச் சொருகினியா?'
'ம்.'
'நான் சொல்லல?'

சாயங்காலம் திரை மூலையில் ஒரு பெட்டி எழுந்தது:
இன்னொரு அப்டேட் தயார்.
இப்போதா, இரவிலா?
எதற்கும் இருக்கட்டுமென்று டிஸ்க்கைக் கழற்றி
காலி டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடி
மஹபூப்பாளையத்துக்கு நடையைக் கட்டினேன்.
லேசாக எலுமிச்சை சாத வாசம் ஏறும்.
ஏறட்டும்.