இரும்புக்கு அனுமதி

மாசி மகத்துக்கு மறுநாள்
விடியுமுன் கரைக்கு வருகிறவன் நான்.
கூட்டம் உதிர்த்துவிட்டுப் போன
திருகாணி, மெட்டி,
ஒரே ஒருமுறை அரைப் பவுன் மோதிரம்.
மூன்று வருஷமாக என் மெஷினுக்கு
இரும்பென்றால் காது கேட்காது.
அப்படித்தான் திருகி வைத்திருந்தேன்.

ஏகவல்லி வந்து கேட்டது இரும்பு.

"நாலாவது சந்து முனையில ஒரு அடிபம்பு இருந்துச்சு.
தலையை எவனோ எடைக்குப் போட்டுட்டான்.
குழாய் போயிருக்காது, அறுபதடி இறக்குனது.
அது எங்கன்னு மட்டும் சொல்லு."
பிளாஸ்டிக் உறைக்குள் வீட்டுப் பத்திரம்.
செக்குபந்தி வாசித்தேன்:
அடிபம்புக்குக் கிழக்கு,
அஞ்சப்பன் மனைக்குத் தெற்கு,
பொதுச்சந்துக்கு வடக்கு,
இரண்டாவது தெருவுக்கு மேற்கு.
இரண்டாவது தெரு இருந்த இடத்தில்
ஒரு ஃபைபர் படகு ஆடிக்கொண்டிருந்தது.

பெரிய வளையத்தை மாட்டினேன், பதினைந்து அங்குலம்.
இரும்பை ஒதுக்கும் திருகை
இடக்கோடிக்குத் தள்ளினேன்.
மண்ணுக்குள் இருந்ததெல்லாம்
ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது:
படகு ஆணி, பீர் மூடி, நங்கூரத் துண்டு,
இடிந்த கூரைகளின் கட்டுக்கம்பி,
ரேஷன் கடை ஷட்டர் தூக்கிய நிமிஷம் மாதிரி.

ஆழம் வேண்டுமென்று
உணர்திறனைப் பத்துக்கு ஏற்றினேன்.
கருமணல் கத்தியது.
உப்பு ஈரம் கத்தியது.
சாலையோரக் கம்பிகளின் மின்சாரம்
காதுக்குள் வந்து கடித்தது.
ஒன்பது. எட்டு. ஏழு.
ஆறுக்கு இறங்கியதும்
சத்தங்களுக்கு நடுவே ஒரு சந்து திறந்தது.
இறக்கினால்தான் கீழே போகும் என்பதை
பர்மா பஜார்க்காரன் விற்கும்போது சொல்லவில்லை.

வளையத்தை முழம் உயரம் தூக்கி இறக்கி,
தூக்கி இறக்கி,
கருமணலை "இது சும்மா தரை" என்று
மெஷின் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.
பத்தடி போனால் மறுபடி பேச்சுவார்த்தை:
இங்கே சாம்பல், அங்கே கிளிஞ்சல்.
பின்னொலியை ஒரு கொசு அளவுக்கு விட்டேன்.
ஆழத்தில் கிடப்பது கூப்பிடாது.
கொசு ஒரு நொடி மூச்சை இழுக்கும்,
அவ்வளவுதான்.

"ஏன் இப்படி ஊர்றே?"
வேகமா போனா
அது இருந்ததே தெரியாது அக்கா.
அவள் அதற்கப்புறம்
எனக்கு இரண்டடி பின்னால் ஊர்ந்தாள்.

எட்டேமுக்காலுக்குக் கரண்ட் போனது.
குடியிருப்பு முழுக்க வசை.
மூன்றாவது மாடியிலிருந்து ஒருத்தன்
மின்வாரியத்தின் பரம்பரையை விசாரித்தான்.
என் காதில் மட்டும் வெளிச்சம் வந்தது.
ஆறை ஏழரைக்கு ஏற்றினேன்,
மெஷின் உளறவில்லை.

கடல்தடுப்புக் கல்லுக்கு இந்தப் பக்கம்,
கிழிந்த வலை ஒன்று புதைந்த இடத்தில்
கொசு மூச்சை இழுத்தது.
ஆணியென்றால் குறுக்கே ஆட்டும்போது
காணாமல் போகும்.
கிழக்கு மேற்காக ஆட்டினேன்,
வடக்கு தெற்காக ஆட்டினேன்.
அதே புள்ளி.
நெட்டுக்குத்தாக நிற்கிற ஏதோ ஒன்று.

கரண்ட் வந்தது. விசில்.
மறுபடி எல்லாம் கத்தியது.
நான் குதிகாலை அங்கேயே ஊன்றி நின்றேன்,
யாரோ காலைத் தூக்கச் சொல்வார்கள் என்பது போல.

முட்டளவு தோண்டியதும் தண்ணீர் ஊறியது.
ஓரம் சரிந்தது. மறுபடி தோண்டினோம்.
மண்வெட்டி பட்ட ஓசைக்கு
ஏகவல்லி மண்வெட்டியைத் தட்டிவிட்டுக் கையை விட்டாள்.
துருவின் வட்டம்,
நடுவில் மணல் அடைத்த ஓட்டை.
"நாளைக்கு சர்வேயர் வர்றாரு" என்றாள்,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு
குழாயிலிருந்து கிழக்கே எண்ணத் தொடங்கினாள்.
ஆறில் கல்மேடு.
எண்ணிக்கை விடாமல் ஏறி இறங்கினாள்.
பதினொன்றில் அலை.
பதினாலில் நின்று திரும்பி,
இடுப்புவரை நனைந்தபடி,
"வாசப்படி" என்றாள்.
"மெஷினை எடுத்துட்டு வா.
உள்ள ஒரு பீரோ இருந்துச்சு."

வளையம் நனையலாம்.
பெட்டி நனையக்கூடாது.
பெட்டியைக் கழற்றித் தலையில் வைத்து
துண்டால் இறுக்கிக்கொண்டு
குழாய்மேல் நின்று
நானும் தொடங்கினேன்:
ஒன்று.