பக்கத்துக் கட்டம்

அடுத்த மாத டியூட்டி அட்டவணையை
என் பக்கம் திருப்பி வைத்தார் குமுதவல்லி சிஸ்டர்.
தியேட்டர் இரண்டு, இரவு, பதினான்கு கட்டங்கள்.
என் பெயர் மையில். பக்கத்துக் கட்டம் காலி.
“செலஸ்தீனப் போடலாமா? நீயே எழுதிடு”
பென்சிலை நீட்டினார்.
“நாளைக்குச் சொல்றேன் சிஸ்டர்.”

நாளைவரை யோசிக்க என்ன இருக்கிறது?
ஒரு மாப் இருக்கிறது.
மடித்தால் உள்ளங்கை அளவு.
ரத்தம் குடித்துவிட்டால் அதற்கும் சதைக்கும்
நிறம் ஒன்று.

போன ஆவணியில், பாகூர்ப் பெண்ணுக்கு சிசேரியன்.
பிள்ளை அழுதாயிற்று.
தைக்க ஊசிக்குக் கை நீட்டுகிறார் டாக்டர்.
எண்ணிக்கை கேட்கிறேன்.
கையுறைக்குள் இருக்கும் என் கை
தரையைத் தொடக் கூடாது.
தரைக்கு அவள்தான் என் கை.
வாளிப் பக்கம் குனியாமல்
பிள்ளைக்குக் குல்லாய் மாட்டியபடியே சொன்னாள்:
“பத்து. சரியா இருக்கு.”

“இன்னொரு தடவ.”

முகக்கவசத்துக்கு மேலே
டாக்டரின் கண் என்மேல் விழுந்தது.
செலஸ்தீன் பெருமூச்சுடன் குனிந்தாள்.
ஒன்பது.

ஏழு நிமிடம் தேடினோம்.
பத்தாவது, டாக்டரின் இடது செருப்புக்குப் பின்னால்
பச்சைத்துணி மறைவில்
ஈரமாகக் கிடந்தது.
“பாத்தியா, பத்துதான். நான் சொன்னேன்ல?”

சொன்னாள்தான். சரியாகத்தான் சொன்னாள்.
தப்பாகப் போயிருந்தால்
விசாரணை, விளக்கக் கடிதம்,
வேறு யாராவது முடிவு செய்திருப்பார்கள்.
சரியாகப் போனதால்
என்னிடம் வந்து நிற்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
தாளில் கையெழுத்து இரண்டு.
ஆவணிக்கு முன்னால் எத்தனை இரவு
அவள் ‘சரி’ என்றதும்
அவள் பேனாவையே வாங்கி
நானும் போட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு டெங்கு வந்தபோது
என் இரவுகளை அவள் பார்த்தாள்.
ஆறா ஏழா என்று கேட்டேன், ஈடு செய்ய.
“அதையெல்லாம் யாரு எண்ணிக்கிட்டு” என்றாள்.
அதே சிரிப்பு.
அதே குனியாத முதுகு.

தினமும் அவள் ஸ்கூட்டியில்தான் வீடு.
நேற்று மரப்பாலம் சிக்னலில்
சிவப்பில் எண் இறங்கிக்கொண்டிருந்தது.
பத்து, ஒன்பது, எட்டு என்று
என் உதடு அசைந்ததை நான் கவனிக்கவில்லை.
நாலு மிச்சமிருக்க வண்டியை எடுத்தாள்.
இடப்பக்கம் ஒரு டெம்போ அலறி நின்றது.
“வண்டியே இல்லடி” என்றாள், டெம்போவைத் தாண்டியபடி.

முருங்கப்பாக்கம் வரை வாய் திறக்கவில்லை.
பாலத்தின்மேல் காற்று. ஹெல்மெட்டுக்குள்
கேட்குமோ கேட்காதோ என்று கத்தினேன்:
“உன்கூட நைட் பாக்கணும்னா
குனிஞ்சு எண்ணணும் செலஸ்தீன்.
ஒண்ணு ரெண்டுன்னு
எனக்குக் கேக்கற மாதிரி எண்ணணும்.
இல்லன்னா நான் வேற ஆள கேப்பேன்.”

பாலம் முடிந்தது.
அரியாங்குப்பம் மீன்கடை விளக்குகள் வந்தன.
வழக்கமாக மகனை விசாரிப்பாள்.
இறக்கிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து,
“என்ன டாக்டர்கூட அப்டிக் கத்தினதில்ல”
என்று மட்டும் சொல்லிப் போனாள்.

காலையில் முதல் கட்டத்தில் மட்டும்
அவள் பெயரை எழுதினேன்.
மீதிப் பதிமூன்றைக் குமுதவல்லி சிஸ்டர்
விரலால் தொட்டுக் காட்டினார்.
ஒன்றும் கேட்கவில்லை.
பென்சிலைத் திருப்பியும் வாங்கவில்லை.

இன்றைக்கு ஒன்றாம் தேதி, மாலை ஆறரை.
தெருமுனையில் நிற்கிறேன்.
தவளக்குப்பம் பக்கமிருந்து வரும்
ஒவ்வொரு ஒற்றை விளக்கையும் பார்த்தபடி,
பஸ்ஸுக்கு வேண்டிய சில்லறையைக்
கைக்குள் இரண்டு தடவை எண்ணியாயிற்று.