அறுபது ஹெர்ட்ஸ்

எட்மன்டனில் ஜனவரி.
நிலவறைச் சோதனைக்கூடத்தில்
கோவல்சுக்கின் தலையில்
நீச்சல் தொப்பி போன்ற ஒன்றை மாட்டுகிறேன்.
அறுபத்து நான்கு துளைகள். ஒவ்வொன்றிலும்
மழுங்கிய ஊசியால் ஒரு சொட்டுக் களிம்பு.
குளிர்கிறதா என்று கேட்டால்
விழியை மேலே உயர்த்துவார்: ஆம்.
முப்பது வருடம் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டியவர்.
இப்போது அவர் சொல்பேச்சு கேட்பவை
இரண்டு கண்கள் மட்டும்.

திரையில் எழுத்துகள் மின்னி மறையும்.
அவர் மனதில் வைத்த எழுத்து மின்னினால்
முந்நூறு மில்லிநொடி கழித்து
உச்சந்தலையில் ஒரு சிறு மேடு எழும்.
ஐந்து மைக்ரோவோல்ட்.
அதைப் பிடிப்பதுதான் என் ஆறு வருடம்,
என் சம்பளம், என் முன்நரை.

இமைத்தாலோ ஒரு மலையே எழும்.
அதை வெட்டி எறிய நிரல் எழுதியிருக்கிறேன்.

இந்தக் குளிர்காலம் முழுக்க
என்னை அலைக்கழித்தது அறுபது ஹெர்ட்ஸ்.
சுவர்களுக்குள் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரம்.
எல்லாக் கூடத்திலும் உண்டு, வடிகட்டிவிடலாம்.
ஆனால் இது காலை ஒன்பதுக்கு வீங்கும்.
மாலைவரை வற்றாது.
நான் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும்
கோடும் ஒழுங்காகப் படுத்திருந்ததாம்,
பிரெண்டன் சொன்னான்.
விளக்குகளை அணைத்தேன். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன்.
பேராசிரியரின் காபி இயந்திரத்தைச் சந்தேகித்தேன்.

இதற்கு வெளியேயும் எனக்கு ஒரு வாழ்க்கை உண்டு:
பழுதான முழங்காலோடு
செவ்வாய்தோறும் மில் வுட்ஸில் பாட்மின்டன்,
நூலகத்துக்குத் திருப்பாத இரண்டு புத்தகம்,
இரண்டு வாரம் வடக்கே எண்ணெய் மணலிலும்
ஒரு வாரம் வீட்டிலுமாய் ஒரு கணவன்.
இரவு போனில் கதிரேசன் கேட்பான்,
"என்ன யோசிக்கிற?"
"ஒண்ணுமில்ல."
அறுபத்து நான்கு கம்பி இல்லாமலே
அது பொய்யென்று அவனுக்குத் தெரியும்.
எந்தப் பொய் என்பதுதான் தெரியாது.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்து நான்கு.
(என் பெயர் இளவேனில். சிரிக்காதீர்கள்.)
காரை நிறுத்தி,
எஞ்சின் உறையாமல் காக்கும் வயரைச்
சுவர் பிளக்கில் செருகினேன்,
இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான்.
நிமிர்ந்தால்
பனியில் பாதி புதைந்த சின்ன ஜன்னல்.
உள்ளே என் திரை. என் நாற்காலி.
இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு முழ தூரத்தில்
அவர் தலை வைக்கும் இடம்.

உடனே பிடுங்கினேன்.
கோடு நூல் பிடித்தாற்போல் படிந்தது.
"என் கார்தான் திருடன், பிடுங்கிவிட்டேன்" என்று
கோவல்சுக்கிடம் பெருமையடித்தேன்.
அவர் நாற்பது நிமிடம் உழைத்து
எட்டு எழுத்து எழுதினார்.
இலக்கோடு ஒப்பிட்டேன். எட்டுக்கு எட்டு.
நூறு சதவீதம் என்று குறித்துக்கொண்டேன்.
பிரெண்டன் கை தட்டினான்.

ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினால்
கார் ஒரு முறை இருமியது.
பிறகு அதுவும் இல்லை.

தாரியா கோவல்சுக் தன் வேனை
மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.
சிவப்புக்குச் சிவப்பு. கறுப்பு, வெற்று இரும்புக்கு.
"இதுக்கும் களிம்பு தடவணுமா, டாக்டர்?"
என் விரல்களில் உணர்வில்லை.
வேனின் பின்கண்ணாடியை யாரோ உள்ளிருந்து
துடைத்துவிட்டிருந்தார்கள்.
அதன் வழியே அவர் என்னைப் பார்த்தார்.
நிதானமாக
ஒரு முறை இமைத்தார்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
அன்றைய பதிவைத் திறந்தேன்.
அலைகளை அல்ல,
எழுத்துகளை.
ஆங்கிலத்தில் எட்டே எழுத்து, இடைவெளி இல்லாமல்:
வயரைச் செருகு.

போன் அடித்தது.
"என்ன யோசிக்கிற?"
"காரை" என்றேன்.
கதிரேசன் நம்பவில்லை.