முட்டை, நாளுக்கு ஒன்று

மட்டக்குளியில், ஆறு கடலுக்குள் போகுமுன்
கடைசியாய் நாறும் வளைவில் எங்கள் ஷெட்.
நேற்றுவரை செய்தி வாசித்த டிவிப் பெட்டிகள்
விரல்நகமளவு துண்டுகளாய்
பெல்டில் வருகின்றன.
எல்லாம் கறுப்பு.

கடன்பட்டு இறக்கிய கண் ஒன்று உண்டு.
வெள்ளையை, நீலத்தை, யோகட் கோப்பையை
இமைக்குமுன் இனங்கண்டு
காற்றால் ஊதித் தள்ளும்.
கறுப்புக்கு மட்டும்
ஒளியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்.
ஒன்றும் திரும்பி வராது.

நெருப்புக்குப் பயந்து புரோமின் குழைத்த பிளாஸ்டிக்கும்
சும்மா பிளாஸ்டிக்கும் ஒரே கறுப்பு.
சேர்த்து உருக்கினால்
எந்தப் பிள்ளையின் விளையாட்டுக் காருக்குள்ளோ
அது போய்க் குந்திக்கொள்ளும்.

ஆகவே உப்பு.
புத்தளத்து மூட்டைகள், தொட்டி நிறையத் தண்ணீர்.
நல்லது மிதக்கவேண்டும், நஞ்சு தாழவேண்டும்,
தண்ணீரின் பாரம் இரண்டுக்கும் நடுவே
ஒரு பிடி கூடாமல் நிற்கவேண்டும்.
அதை அளக்கும் கண்ணாடிக் குழாய்
மூன்றாம் நாளே சுனேத்ராவின் பூட்ஸடியில் போயிற்று.
புதியதற்கு ஆறு கிழமை என்றார்கள்.

ரிஸ்மியா கடையில் முட்டை வாங்கி வந்தாள்.
தேசிக்காய் ஊறப்போடும் தண்ணிக்கு
அவள் வீட்டுக் கணக்கு அதுதானாம்:
பத்து ரூபாய்க் குற்றியளவு தலை தெரிந்தால் சரி.
"புது முட்டைதான் வேணும் சேர், பழசு பொய் சொல்லும்."
சிரித்தேன்.
பிறகு ஒரு லீற்றரை அள்ளி
நிறுத்துப் பார்த்தேன்.
ஆயிரத்து எண்பது கிராம்.
சிரிப்பையும் நிறுத்தினேன்.

தொட்டி மூலையில், கம்பி வலைக்குள்,
அன்றிலிருந்து தினமும் ஒரு முட்டை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை.
கூரை ஓட்டை நேரே தொட்டிக்கு மேல்.
சத்தமில்லாமல் தண்ணீர் இளகியிருக்கிறது.
நாங்கள் பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தபோது
மேலே வெறும் நுரை.
முந்நூறு கிலோ, நல்லதும் கெட்டதும்
ஒன்றாய் அடியில்.
வலைக்குள் முட்டையும் படுத்துக் கிடந்தது.

அள்ளினோம். மறுபடி உப்பைக் கொட்டினோம்.
கடைசி பஸ் போன சத்தம் கேட்டது,
யாரும் நிமிரவில்லை.
பத்தரைக்கு முட்டை ஒருமுறை புரண்டது.
அப்புறம் மெல்ல எழும்பி
தலையை வெளியே நீட்டியது.
சுனேத்ரா கைதட்டினாள், கையுறையோடு,
தொப் தொப்பென்று.

கணக்குப் பகுதி இன்று கேட்டு எழுதியிருக்கிறது:
"முட்டை, நாளுக்கு ஒன்று.
இது உணவா, கருவியா?"

நான் இன்னும் பதில் எழுதவில்லை.
கூரைத் தகரம் கேட்டு நான் எழுதியதற்கு
அவர்களும்.