இருபது சுற்று

ஈசூன் சமூக மன்றம், இரண்டாம் மாடி அறை.
ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு
பத்து நீல வாளி, பத்து மூடி.
ஒன்பதில் மணல். ஒன்றில் குழாய்த் தண்ணீர்.
எதில் என்பதைப் பத்துமுகப் பகடை சொல்லும்.
பகடை சொன்னது ஹுவெய் லிங்குக்கு மட்டும் தெரியும்.
அவள் பின்கதவால் போய்ப்
படிக்கட்டில் உட்கார்ந்து மைலோ குடிப்பாள்.
அப்புறம்தான் முன்கதவைத் திறப்போம்.
தெரிந்தவர் முகத்தைத் தெரியாதவர் பார்க்கக்கூடாது.
எங்கள் மொத்த சாஸ்திரமும் இவ்வளவுதான்.

ஆவுடையப்பன் மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார்.
ஏர்கான் வேலைக்காரர், அறுபத்திரண்டு வயது.
செம்புக்குழாயை வளைத்துச் செய்த இரண்டு கோல்களை
மீன் வாங்கும் பையில் சுற்றி வைத்திருந்தார்.
மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும்
ஒழுகல் சண்டை முற்றி
வீவகவுக்குப் புகார் போகும் முன்
இவரைத்தான் கூப்பிடுவார்களாம்.
சுவரோரமாக நடப்பாராம்.
கோல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்
உளி வைத்தால் தண்ணீராம்.

"இருபதுக்கு எத்தனை சொல்வீங்க அங்கிள்?"
சுல்கிஃப்லி கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.
"பதினெட்டு. ரெண்டை விட்டுடுங்க, வயசாச்சு."
ஏழு வந்தாலே நாங்கள் தோற்றோம் என்று எழுதி
நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.
பரிசு, ஐம்பது வெள்ளிக்குக் கடை வவுச்சர்.

முதலில் மூடியில்லாமல் ஒரு நடை.
தண்ணீர் வாளிக்கு மேலே
கோல்கள் தாமாகக் குறுக்கே திரும்பின,
உறங்கும் குழந்தை புரண்டு படுப்பதுபோல,
யாரும் தள்ளாமல்.
"பாத்தீங்களா? நான் ஒண்ணும் பண்ணல."
பார்த்தேன். அவர் ஒன்றும் பண்ணவில்லைதான்.
மணிக்கட்டு பண்ணியது, அவரைக் கேட்காமல்.

பிறகு மூடிகள்.
மூன்றாம் வாளி என்றார், மணல்.
எட்டு என்றார், மணல்.
ஐந்தின் மேல் கோல்கள் துடித்தே விட்டன. மணல்.
பதினோராம் சுற்றில் சரி.
அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
வரக்கூடாது, குறிப்பேட்டில் குனிந்துகொண்டேன்.
பதினைந்தில் கோல்களைக் கீழே வைத்து
உள்ளங்கையைச் சட்டையில் துடைத்து
ஏர்கானை அணைக்கச் சொன்னார்.
அணைத்தோம்.

இருபதுக்கு மூன்று.
கண்ணை மூடி ஏதோ ஓர் எண் சொன்னாலே
இரண்டு வந்திருக்கும் என்று
வழக்கமாகச் சொல்வேன். சொல்லவில்லை.
போன வருடம் கரண்டி வளைத்தவனின் பையில்
முன்பே வளைத்த ஆறு கரண்டி அகப்பட்டபோது
எப்படிக் குதித்தோம்!
இவர் பையில் கோல்களைத் தவிர
ஒரு பொட்டலம் ரொட்டிதான்.

தாளை வாங்கி வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார்.
"கணக்கு சரியாத்தான் இருக்கு."
குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர்
திரும்பினார்.
"ஏம்மா, உங்க வீட்ல
குளிக்கிற ரூம் மேலதானே ஒழுகுது?"

பிடரி மயிர் எழுந்து நின்றது.
அந்தக் கறையைப் பற்றி
இந்த அறையில் யாருக்கும் நான் சொன்னதில்லை.
ஒரு நொடி.
பதினேழு ஆண்டாக நான் நின்றிருந்த தரை
அந்த ஒரு நொடி அங்கே இல்லை.

படி இறங்கும்போது கணக்குப் போட்டேன்.
நாற்பது வயதுக் கட்டடங்கள் இந்தப் பேட்டையில் எத்தனை,
அவற்றில் ஒழுகாத வீடு எத்தனை,
ஒழுகினால் குளியலறை விட்டு வேறெங்கே ஒழுகும்,
உளி, சுவர், சண்டை என்று அவர் பேசியபோது
என் முகம் எதையெல்லாம் உளறியிருக்கும்.
விடை வந்தது. நல்ல விடை.
மயிர் மட்டும்
என் புளோக் வரும்வரை படியவில்லை.

மணல் கொட்டிய வாளிகளில் ஒன்றை
வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.
மஞ்சள் கறைக்கு நேர் கீழே வைத்தேன்.
மூடியில்லாமல்.
இரவு பதினொன்று சொச்சத்துக்கு முதல் சொட்டு,
அடியில் ஒட்டியிருந்த மணலில் விழுந்தது,
சத்தமே இல்லை.

நாளை மேல்வீட்டு கோவிடம் பேச வேண்டும்.
அவருக்கும் சண்டை பிடிக்காது.