கட்டாயம்

திருமங்கலத்தில், உசிலம்பட்டி ரோட்டு மேலேயே
ஒரு கல்யாண மண்டபம்.
முந்தின நாள் முகூர்த்தம் போல.
மேடைச் சுவரில் மாப்பிள்ளை பெயரைப் பிய்த்துவிட்டார்கள்,
பெண்ணின் பெயர் தெர்மோகோலில் பாதி நின்றது: ‘வர்ஷினி’.
அதன்மேல் பேனர் கட்டினோம்:
கட்டாயக் கல்வி வயதைப்
பதினெட்டாக உயர்த்துவது குறித்துக்
கருத்துக் கேட்புக் கூட்டம்.

நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன்.
அந்தக் கூட்டத்தில் கருத்தில்லாத ஒரே நாற்காலி.
மொய் எழுதின மேசையையே எனக்குப் போட்டிருந்தார்கள்,
இழுப்பறையில் சந்தனமும் சில்லறை வாடையும்.

நிதித்துறைக்காரர் தொடங்கினார்.
தலைக்கு இவ்வளவு, வகுப்பறைக்கு இவ்வளவு,
நாலு வருஷம், இத்தனை லட்சம் பிள்ளைகள்.
பூஜ்யங்கள் வந்து நின்றன
பெரியார் நிலையத்து பஸ்கள் மாதிரி
ஒன்றின் பின் ஒன்றாக.
ஒன்றும் கிளம்பவில்லை.
“நோக்கம் நல்லது, ஆதாரம்தான்...” என்று
முடிக்காமல் தண்ணீர் குடித்தார்.
முற்றுப்புள்ளியை நானே வைத்தேன்.

டெல்லி தரவேண்டியதைத் தந்தால் நாளைக்கே என்றார் தவசி.
தந்ததற்கு முதலில் கணக்கு என்றார்
எதிர் வரிசையிலிருந்து அபுதாகிர்.
அறுபது நாற்பது, நாற்பது அறுபது.
இரண்டு பேர் எழுந்தார்கள், ஒருவர்தான் உட்கார்ந்தார்.
மைக் கீச்சிட்டது, அதையும் எழுதப் போனேன்.

நூற்பாலை சேவுகப்பெருமாள்
கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்:
“படிப்பு வேணாம்னு எவன் சொல்லுவான்?
கட்டாயம்னு வந்துட்டா
கஷ்டத்துக்கு வேலைக்கு வர்ற பிள்ளைக
வீட்டுல அடுப்பு எரியணும்ல?
அதுக்கும் சேத்து ஒதுக்குவீகளா?”
அவர் யாருக்காகக் கேட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.
ஆனாலும் கேள்வி கேள்வியாகவே இருந்தது.
என் அக்கா எட்டோடு நின்றவள்.
அவள் மில்லுக்குப் போனாள், நான் பி.காம். போனேன்.
இது குறிப்பில் இல்லை.

கடைசியாகப் பின்னியம்மா,
செக்கானூரணிப் பக்கம், பூ எடுக்கிறவர்.
விரல் நுனியில் மல்லிகைக் காம்பின் கறை.
மைக்கை வேண்டாமென்று தள்ளினார்.
“எட்டு வரைக்கும் பள்ளிக்கூடம் தெரு முக்குல.
ஒம்பதுக்கு ஏழு கிலோமீட்டரு.
எட்டேகாலுக்கு ஒரு பஸ்ஸு, விட்டா பதினொண்ணுக்கு.
ஓசிப் பாஸுன்னு தெரிஞ்சா அந்தாளு
நிறுத்தாம அங்கிட்டுப் போயிர்றாரு.
பிள்ளைய அனுப்பலைன்னா சட்டம் என்னையக் கட்டாயப்படுத்தும். சரி.
டைவரை யாருங்கய்யா கட்டாயப்படுத்துறது?”

சிரிப்பு, கைதட்டல்.
அவர் சிரிக்கவில்லை.
பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

“கட்டாயம் கவனிக்கிறோம்மா” என்றார் தலைவர்.
கட்டாயம் வலியுறுத்துவோம் என்றார் அபுதாகிர்.
எங்களால் ஆனதைக் கட்டாயம் என்றது நூற்பாலை.
எழுதி முடித்து எண்ணினேன்:
ஒரே பக்கத்தில் பதினொரு கட்டாயம்.
ஒன்று மட்டும் சட்டம், தவறினால் நோட்டீஸ் வரும்.
மற்ற பத்தும், பத்திரிகை வைக்க வந்தவரை
வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொல்கிற கட்டாயம்.

மண்டபம் காலியானது. பேனரை இறக்கினார்கள்.
பேனா கசிந்து, துடைக்கத் தாள் தேடி இழுப்பறையைத் திறந்தால்
மொய் நோட்டிலிருந்து விழுந்த ஒரு பக்கம்.
பெயர். ஊர். தொகை.
ஆயிரத்தொன்று, ஐந்நூற்றொன்று, நூற்றொன்று,
ஒருத்தர் ஐம்பது,
‘மீதி பிறகு’ என்று ஓரத்தில் கூச்சத்தோடு.

என் படிவத்தைப் பார்த்தேன்.
பெயர். ஊர். கருத்து.
ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டேன்,
மேலிருந்து கீழ்வரை, கொஞ்சம் மை இழுகியது.

மறுநாள் கண்காணிப்பாளர் கேட்டார்,
“இது என்னய்யா புதுசா ஒரு கட்டம்?”
“தொகை, சார்.”
“காலியா இருக்கு?”
“ஆமா சார்.”